ஒரு கிண்ணம் என்றால் எவ்வளவு

தாஷ்கந்த், 14 அக்டோபர் 1978

ஹிதாயத் அக்காவுக்கு,

சலாம். பெரியவருக்கும் நம் பெண் ஷஹ்லோவுக்கும் என் சலாமைச் சொல்லுங்கள். நாங்கள் வந்து சேர்ந்து பதினாறு நாளாகிறது. நாலாவது மாடி, இரண்டு அறை, குழாயைத் திருகினால் வெந்நீர். உங்கள் கொழுந்தன் கோபிலுக்கு டிராலிபஸ் டிப்போவில் காலை வண்டி கொடுத்திருக்கிறார்கள். இது நலம் விசாரிக்கிற கடிதம் இல்லை. என் அரளிக்காக எழுதுகிறேன்.

அதை அங்கே விட்டுவிட்டு வர எனக்கு மனசே இல்லை. ஆனால் இங்கே பால்கனி வடக்குப் பார்த்தது, ஒரு ராத்திரி பனியில் கருகிவிடும். உள்ளே வைத்தால் ரேடியேட்டர் சூட்டில் காய்ந்துவிடும். மர்கிலானில் ரோடு போடுவதற்காக என் அம்மா வீட்டை இடித்தபோது வாசல் அரளியில் ஒடித்துக்கொண்டு வந்த குச்சி அது. அம்மாவும் இல்லை, வீடும் இல்லை, தாய்ச்செடி இருந்த இடத்தில் லாரி ஓடுகிறது. அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

உறைபனி விழுவதற்கு முன்னால் தொட்டியை முற்றத்திலிருந்து மேற்கு அறைக்கு மாற்ற வேண்டும். அடுப்பு இல்லாத அறை, ஜன்னல் ஓரம். இரண்டு பேர் பிடித்தால் போதும். கோடையில் அது எவ்வளவு குடித்தாலும் தாங்கும், அடித்தட்டில் தண்ணீர் நின்றாலும் கவலையில்லை. குளிர்காலத்தில் அப்படிச் செய்தால் வேர் அழுகிப்போகும். வாரத்துக்கு இரண்டு கிண்ணம் தண்ணீர், அதற்கு மேல் வேண்டாம். வாய்க்கால் தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள், ஒரு ராத்திரி அறையில் வைத்துக் குளிர் போன பிறகு ஊற்றுங்கள். மீந்த தேநீரையும் தேயிலைச் சக்கையையும் கொட்டுகிற நம் வீட்டுப் பழக்கம் இதனிடம் வேண்டாம். ஆடு கிட்டே போகக் கூடாது, ஒரு பிடி இலை தின்றாலும் செத்துவிடும்.

மற்ற விஷயத்தை எழுத வேண்டாம் என்றுதான் உட்கார்ந்தேன், முடியவில்லை. பன்னிரண்டு வருஷம் அந்த வீட்டில் இளைய மருமகளாக எல்லோருக்கும் தேநீர் ஊற்றியவள் நான். கிளம்புகிற அன்று நீங்கள் என் கையிலிருந்து கெண்டியை வாங்கி, பதினொரு பேர் முன்னால், என் கிண்ணத்தை விளிம்பு வரைக்கும் நிரப்பிக் கொடுத்தீர்கள். என் விரலில் வழிந்தது. கால் கிண்ணம் ஊற்றினால் இன்னும் இரு, இன்னும் கேள் என்று அர்த்தம். தளும்பத் தளும்ப ஊற்றினால் குடித்துவிட்டு எழுந்து போ என்று அர்த்தம். இதை நம் ஊரில் யாருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

போய்விட்டேன். செடியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முஹய்யோ

கோகந்த், 2 நவம்பர் 1978

முஹய்யோ,

எறும்பு ஊர்ந்த மாதிரி எழுதியிருக்கிறாய். படிக்க எனக்கு ஒரு காலைப்பொழுது முழுசாகப் போய்விட்டது. அடுத்த தடவை பெரிதாக எழுது, காகிதத்துக்குப் பஞ்சமில்லை.

தொட்டியை முந்தாநாள் உள்ளே வைத்தாயிற்று. என் வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டு மாமூரும் தூக்கினார்கள். இரண்டு பேர் போதும் என்று நீ எழுதியதை மாமூரிடம் சொல்லிவிட்டேன். அவன் பாதி வழியில் இறக்கிவைத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, இதுல செடி மட்டும்தான் இருக்கா, இல்ல மர்கிலான் வீட்டுச் செங்கல்லையும் அள்ளிப் போட்டு வச்சிருக்கா உங்க ஓரகத்தி?" என்று கேட்டான். உன் பெரியவர் கடிகாரம் ரிப்பேர் செய்கிற கை, ஊசிக்கு மேல் கனமாக எதையும் தூக்கிப் பழக்கமில்லை. இரண்டு நாளாக மருந்து எண்ணெய் தேய்த்துவிடுகிறேன்.

வாரத்துக்கு இரண்டு கிண்ணம். எனக்கு ஒன்றும் காது மந்தமில்லை, ஒரு தரம் சொன்னால் போதும். திங்கள் ஒன்று, வியாழன் ஒன்று ஊற்றுகிறேன்.

ஷஹ்லோவுக்கு ரிஷ்தானில் இருந்து கேட்டு வந்திருக்கிறார்கள். குயவர் குடும்பம், நல்ல மனிதர்கள் என்கிறார்கள். சரியாக அமைந்தால் ஜூன் மாதம் கல்யாணம். உன் முதுகில் வளர்ந்த பெண். நீ வந்து நிற்க வேண்டும்.

அந்தக் கிண்ணத்தைப் பற்றி என்ன சொல்ல? ஊற்றினேன். நிறைந்துவிட்டது. அதற்கு மேல் என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை.

ஹிதாயத்

தாஷ்கந்த், 10 டிசம்பர் 1978

ஹிதாயத் அக்காவுக்கு,

பெரிதாகவே எழுதியிருக்கிறேன்.

"நிறைந்துவிட்டது" என்று எழுதியிருந்ததைக் கோபிலிடம் காட்டினேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு பால் வாங்கக் கிளம்பிவிட்டார். வீட்டில் பால் இருந்தது. அண்ணன் வீட்டு விஷயம் என்றால் அவருக்கு இப்போதெல்லாம் பால்தான் ஞாபகம் வருகிறது.

ஷஹ்லோ தனியாக எனக்கு எழுதியிருக்கிறாள். "சித்தி வந்து என் முக்காட்டை எடுத்துப் போடலன்னா நான் வாசல் தாண்ட மாட்டேன், எல்லாரும் உட்கார்ந்துக்கிட்டே இருங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாளாம். அவள் பிடிவாதம் எனக்குத் தெரியும். அவளுக்கு வேண்டிய மெத்தைவிரிப்பை நான் இங்கிருந்து தைத்து அனுப்புவேன். ஆனால் அந்த வீட்டு விரிப்பில் இனி நான் உட்கார மாட்டேன். கிளம்பு என்று சொல்லிக் கிளம்பியவள் எந்த முகத்தோடு திரும்பி வருவாள்? அன்றைக்குப் பார்த்த அதே பதினொரு பேரும் கல்யாணத்துக்கு வருவார்கள்.

அரளி எப்படி இருக்கிறது? இலை விறைப்பாக நிற்கிறதா, தொங்குகிறதா? அதை எழுதவே இல்லையே நீங்கள்.

முஹய்யோ

கோகந்த், 15 ஜனவரி 1979

முஹய்யோ,

உன் செடி மஞ்சளாகிக்கொண்டிருக்கிறது. கீழ் இலையெல்லாம் போய்விட்டது என்று ஷஹ்லோ சொன்னாள், தினம் நாலைந்து பெருக்கித் தள்ளுகிறாளாம். இலையைத் தொட்டால் அட்டை மாதிரி இருக்கிறது. நீ சொன்ன அறையில், நீ சொன்ன ஜன்னலில், நீ சொன்ன தண்ணீர் ஊற்றுகிறேன். திங்கள் ஒன்று, வியாழன் ஒன்று. ஒரு நாள் தவறவில்லை. சளிக்காய்ச்சலில் படுத்திருந்த வாரம்கூட எழுந்துபோய் ஊற்றிவிட்டு வந்து படுத்தேன்.

இன்னொன்று. ஊற்றின உடனே அடித்தட்டில் சொட்டு விழுகிற சத்தம் கேட்கிறது. உள்ளே இடமே இல்லாமல் நிரம்பியிருக்கிறது போலிருக்கிறது.

இது செத்தால் நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். வேண்டுமென்றே கொன்றாள் என்பாய். அதனால்தான் முன்கூட்டியே எழுதுகிறேன். என்ன செய்ய வேண்டும் சொல், செய்கிறேன்.

ரிஷ்தான்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அடுத்த மாதம் ரொட்டி பிட்டு நிச்சயம் செய்கிறோம்.

ஹிதாயத்

தாஷ்கந்த், 24 ஜனவரி 1979

ஹிதாயத் அக்காவுக்கு,

படித்த கையோடு எழுதுகிறேன். மஞ்சளாகி உதிர்கிறது, அடியில் உடனே சொட்டுகிறது என்றால் மண் ஊறிப்போய்க் கிடக்கிறது. வேர் அழுகத் தொடங்கியிருக்கும். இரண்டு கிண்ணம் என்றால் இரண்டுதானா, இல்லை பாவம் என்று கூடக் கொஞ்சம் போகிறதா? நிறைய ஊற்றுவது உங்களுக்குக் கைவந்த பழக்கம் என்று நான் பார்த்திருக்கிறேனே.

இப்போதே நிறுத்துங்கள். இனிமேல் இரண்டு வாரத்துக்கு ஒரு கிண்ணம் போதும். அடித்தட்டில் ஒரு பொட்டுத் தண்ணீர்கூட நிற்கக் கூடாது.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். உங்களால் முடியாது என்றால் மாமூர் மனைவியிடம் கொடுத்துவிடுங்கள். அவளுக்கு என்மேல் ஒரு வருத்தமும் இல்லை.

முஹய்யோ

கோகந்த், 20 பிப்ரவரி 1979

முஹய்யோ,

உன் கடிதத்தை மூன்று வாரம் அலமாரியில் போட்டுவைத்திருந்தேன். அன்றே பதில் எழுதியிருந்தால் இரண்டு பேருக்கும் நல்லதாக இருந்திருக்காது.

நீ சொன்னபடி குறைத்தேன். இரண்டு வாரத்துக்கு ஒரு கிண்ணம். இப்போது உன் செடியில் இலை என்று சொல்ல ஒன்பதோ பத்தோ இருக்கிறது. மீதி குச்சி. நுனியை ஒடித்தால் சட்டென்று முறிகிறது, பால் வரவில்லை.

நிறைய ஊற்றுவது என் பழக்கம் என்றாய். நான் உன் செடிக்கு எப்படி ஊற்றினேன் தெரியுமா? கிண்ணத்துக்குள் ஆள்காட்டி விரலை விட்டு, தண்ணீர் முதல் கணுவைத் தொட்டதும் நிறுத்திவிடுவேன். கால் கிண்ணம். ஒரு தடவையாவது அதைத் தாண்டியிருந்தால் என் கை விளங்காமல் போகட்டும். உன் அம்மா வீட்டு வாசலில் இருந்து வந்தது அது. அவர்கள் நம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தால் எப்படி ஊற்றியிருப்பேனோ அப்படித்தான் ஊற்றினேன். அதன் முன்னால் நிறைகிண்ணத்தை நீட்ட எனக்கென்ன பைத்தியமா?

மாமூர் மனைவியிடம் கொடுக்க வேண்டுமாம். அவள் வீட்டு முல்லைச் செடி மூன்று வருஷமாக எலும்புக்கூடாக நிற்கிறது, போய்ப் பார்.

நிச்சயம் முடிந்தது. ஜூன் பதினேழு.

ஹிதாயத்

தாஷ்கந்த், 1 மார்ச் 1979

அக்கா,

கடிதம் இப்போதுதான் வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன், கோகந்த் வண்டி ஓட்டுகிற கோபிலின் சிநேகிதர் கையில் கொடுத்தனுப்புகிறேன், நாளைக்கே வந்துவிடும்.

கால் கிண்ணமா ஊற்றினீர்கள்? நான் சொன்னது விளிம்பு வரைக்கும் இரண்டு கிண்ணம். செடிக்குத்தானே சொன்னேன். நீங்கள் விருந்தாளிக்கு ஊற்றுவது போல ஊற்றியிருக்கிறீர்கள். எழுதுகிறபோது எனக்கும் அது தோன்றவில்லை, உங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. நாலு மாதமாக அது தாகத்தில் கிடந்திருக்கிறது. மஞ்சளானதைப் பார்த்து ஜனவரியில் நான் அந்தக் கால் கிண்ணத்தையும் பிடுங்கிவிட்டேன். தண்ணீர் கூடினாலும் இலை மஞ்சளாகும், குறைந்தாலும் ஆகும். மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள் என்று சொல்லாமல், இங்கே உட்கார்ந்துகொண்டு உங்கள்மேல் பழி போட்டேன். அது என் தப்பு.

அடித்தட்டில் சொட்டியது நிரம்பியதால் இல்லை. மண் காய்ந்து சுருங்கித் தொட்டியின் ஓரத்தை விட்டு விலகியிருக்கும். ஊற்றுகிற தண்ணீர் அந்தச் சந்தில் நேராக இறங்கி ஓடிவிடும், வேருக்கு எதுவும் கிடைத்திருக்காது.

மேலேயிருந்து ஊற்றினால் இனி ஏறாது. துணி துவைக்கிற பெரிய அண்டாவில் கை பொறுக்கிற சூட்டில் பாதி வரைக்கும் தண்ணீர் நிரப்பி, தொட்டியை அப்படியே அதற்குள் இறக்குங்கள். குமிழி வரும். குமிழி நிற்கிற வரை விடுங்கள், ஒரு நாள் ஆனாலும் சரி. பிறகு தூக்கி வடியவிட்டு, குச்சிகளை எல்லாம் மண்ணுக்கு ஒரு சாண் மேலே வெட்டிவிடுங்கள். வேர் உயிரோடு இருந்தால் ஒரு மாதத்தில் தெரியும்.

இப்போது ஒன்று கேட்கிறேன். மூன்று தடவை எழுதி அடித்துவிட்டு இந்த நாலாவது தடவை எழுதுகிறேன். என் அம்மா வீட்டுச் செடி என்பதால் அதற்கே கால் கிண்ணம் ஊற்றிய கை, எனக்கு ஏன் அப்படி ஊற்றியது? இன்னொன்றும் புரியவில்லை. கிண்ணத்துக்குள் விரலை விட்டு அளந்தேன் என்கிறீர்கள். தண்ணீர் எவ்வளவு வந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்தால் தெரியாதா?

முஹய்யோ

கோகந்த், 25 மார்ச் 1979

முஹய்யோ,

முதலில் செடி. அண்டாவில் இறக்கினோம். மாமூர் இந்த முறை பேசவில்லை, இடுப்பில் துணி கட்டிக்கொண்டு வந்தான். குமிழிச் சத்தம் சாயங்காலம் வரை கேட்டது. இத்தனை தாகமா என்று எனக்கு வெட்கமாக இருந்தது. மறுநாள் தூக்கி வைத்து, நீ சொன்னபடி வெட்டினோம். அடிக்கட்டையில் லேசாகப் பால் வந்தது என்று ஷஹ்லோ சொன்னாள். நேற்றுக் காலையில் தடவிப் பார்த்தேன். ஒரு கட்டையின் ஓரத்தில் கோதுமை மணி அளவுக்கு ஏதோ முட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு தடவை தடவினேன். முளைதான்.

நீ கேட்டதற்குப் பதில். இதைப் படித்துவிட்டு எரித்துவிடு.

எனக்குக் கண் தெரியவில்லை. முழுசாக இல்லை. இரண்டு வருஷமாகப் பால்சவ்வு மாதிரி ஏதோ முன்னால் நிற்கிறது. வலது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான். உன் கடிதங்களை உன் பெரியவர் கடைக்குப் போன பிறகு, அவருடைய கடிகாரப் பூதக்கண்ணாடியை எடுத்து வெயிலில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கிறேன். எழுதுவது கை பழக்கத்தில் ஓடுகிறது, வரி கோணினால் பொறுத்துக்கொள். சமையல் கைக்குத் தெரியும். வீட்டுக்குள் காலுக்குத் தெரியும். அதனால் யாருக்கும் தெரியாது. ரிஷ்தான்காரர்கள் பெண் பார்க்க வந்த அன்று ஆணியில் தொங்கிய கோட்டைச் சம்பந்தியம்மா என்று நினைத்து, "வாங்க, முழங்கால் வலி எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டேன். நல்லவேளை, சத்தத்தில் யாரும் கவனிக்கவில்லை.

ஐம்பத்தொரு வயதில் கண் போனால் ஊர் என்ன சொல்லும்? அந்தக் குடும்பத்தில் கண் கோளாறு இருக்கிறது, பெண்ணுக்கும் வரும் என்பார்கள். ஷஹ்லோவுக்கு இதுவரை வந்த இரண்டு இடம் வேறு காரணத்தால் கலைந்துபோனது. இந்த ஒன்று நிற்க வேண்டும். கல்யாணம் முடிகிற வரை வாயைத் திறப்பதில்லை என்று இருந்தேன். டாக்டரிடம் போனால் உன் பெரியவருக்குத் தெரியும், அவருக்குத் தெரிந்தால் கடைவீதிக்கே தெரியும்.

அன்றைக்கு ஏன் கெண்டியை வாங்கினேன் தெரியுமா? பன்னிரண்டு வருஷம் நீ எங்களுக்கு ஊற்றினாய். ஒரு நாள்கூட நான் உனக்கு ஊற்றவில்லை, மூத்தவள் ஊற்றுவது வழக்கம் இல்லை என்று இருந்துவிட்டேன். போகிற அன்றைக்காவது என் கையால் உனக்கு ஊற்றிக் கொடுக்க நினைத்தேன். கால் கிண்ணம். பதினொரு பேரும் பார்க்கட்டும் என்றுதான் அவர்கள் முன்னால் வாங்கினேன். கொதிக்கிற தேநீரில் விரலை விட முடியுமா? சத்தத்தை வைத்து நிறுத்தலாம் என்று பார்த்தேன். அந்த நேரம் பார்த்துக் கோபில் எதற்கோ சிரித்தான், சத்தம் கேட்கவில்லை. நீ விரலை உதறியது கேட்டது. அதற்குப் பிறகு யாருமே பேசவில்லை. நான் அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். சம்பந்தம் பேசிவைக்கிற மூதாட்டியும் அங்கே உட்கார்ந்திருந்தாள். உன்னையா, ஷஹ்லோவையா என்று எனக்குள் ஒரு கணம் வந்தது. நான் ஷஹ்லோவை எடுத்துக்கொண்டேன். இதில் என்னை மன்னிக்க முடியுமா என்று நான் கேட்கவில்லை. நடந்தது இதுதான்.

அப்புறம் தனியாக இருக்கும்போது பழகிப் பார்த்தேன். ஆறவைத்த தேநீரில் விரல் வைத்து ஊற்றினால் சரியாக வருகிறது. சூட்டில் இன்னும் வரவில்லை. நுனி விரல் தோல் உரிந்திருக்கிறது, ரொட்டி அடுப்பில் பட்டது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஹிதாயத்

தாஷ்கந்த், 4 ஏப்ரல் 1979

அக்கா,

பூதக்கண்ணாடி வேண்டாம் என்பதற்காக ஒரு பக்கத்துக்கு நாலு வரி எழுதியிருக்கிறேன். பக்கம் நிறைய இருக்கிறதே என்று பயப்படாதீர்கள், விஷயம் கொஞ்சம்தான்.

நேற்று முழுவதும் அழுதேன். அது முடிந்தது.

கடிதத்தை எரிக்கவில்லை. கோபிலிடம் படித்துக் காட்டினேன். அன்றைக்கு எதற்குச் சிரித்தோம் என்று அவருக்கு ஞாபகமே இல்லை. இன்றைக்குப் பால் வாங்கப் போகவில்லை. இங்கே கண் ஆஸ்பத்திரியில் விசாரித்துவிட்டு வந்தார். இது புரை, எடுத்துவிடலாம், குடும்பத்தில் வழிவழியாக வருகிற வியாதி இல்லை என்றார்களாம். ஜூலை மாதம் இடம் சொல்லிவைத்திருக்கிறார்.

நான் ஜூன் முதல் தேதியே வருகிறேன். கெண்டி என் கையில் இருக்கும். இளைய மருமகள் ஊற்றுகிறாள் என்று யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். நீங்கள் மூத்தவர்களுக்கான மேல் இடத்தில் உட்காருங்கள். வருகிறவர்கள் யார் யார் என்று நான் உங்கள் காதில் சொல்லிக்கொண்டே இருப்பேன். கோட்டுகளை எல்லாம் வேறு அறையில் மாட்டச் சொல்கிறேன்.

முளை ஒரு விரல் வளர்ந்ததும் தண்ணீரைக் கூட்டுங்கள். அளவு சொல்ல மாட்டேன். மண்ணில் விரலை இரண்டு கணு ஆழம் விடுங்கள். காய்ந்திருந்தால் ஊற்றுங்கள், ஈரமாக இருந்தால் விட்டுவிடுங்கள். எனக்குத் தெரிந்து அந்த விரலை விட நம்பிக்கையான அளவு நம் வீட்டில் வேறு இல்லை. ஊற்றும்போது மட்டும் தயவுசெய்து கிண்ணம் தளும்பத் தளும்ப ஊற்றுங்கள்.

முஹய்யோ

கோகந்த், 6 ஆகஸ்ட் 1979

அக்கா,

ஆபரேஷன் முடிந்து கண்ணில் கட்டோடு இருப்பீர்கள், இதைக் கோபில் உங்களுக்குப் படித்துக் காட்டுவார். நடுவில் நிறுத்தினால் கையைக் கிள்ளுங்கள்.

பெரியவருக்கு நேரத்துக்குச் சோறு போடுகிறேன். அவர் பூதக்கண்ணாடி ஏன் எப்போதும் மாவு ஒட்டிக் கிடந்தது என்று இரண்டு வருஷமாக அவர் யோசித்துக்கொண்டிருந்தாராம். இப்போது எதைப் பார்த்தாலும், "என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்கிறார். நேற்று உப்பு ஜாடியைப் பார்த்தும் அதையே சொன்னார்.

அரளி முழங்கால் உயரம் வந்துவிட்டது. காலையில் ஒரு வாளி, வெயிலில் வைத்துச் சூடேறிய தண்ணீர். வெயில் கடுமையானால் சாயங்காலம் இன்னொன்று. மூன்று மொட்டு இருக்கிறது. எந்த நாள் விரியும் என்று மாமூர் தினம் சுவர் மேலே எட்டிப் பார்த்துக் கேட்கிறான். தூக்கியவனுக்குப் பங்கு உண்டாம்.

முக்கியமான விஷயம் இனிதான். ஷஹ்லோவைப் பார்க்க ரிஷ்தான் போயிருந்தேன். சம்பந்தியம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, உங்கள் கண் எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள்.  கல்யாணத்தில் நாம் ஒன்றும் தவறவில்லையே என்று யோசித்தேன். அவர்கள் சிரித்துவிட்டுச் சொன்னார்கள்: "பொண்ணு பார்க்க வந்தன்னைக்கு என் கோட்டை உங்க அக்கா நலம் விசாரிச்சாங்கல்ல, நான் பக்கத்துலதான் நின்னேன். பொண்ணு சிரிக்கல, பதறல. அம்மா கையைப் பிடிச்சு மெதுவா என் பக்கம் திருப்பி விட்டுட்டு, ஒண்ணும் நடக்காத மாதிரி போயிட்டா. வேற ரெண்டு பொண்ணு பார்த்து வச்சிருந்தோம். அதைப் பார்த்த பிறகுதான் இவதான்னு முடிவு பண்ணேன்."

ஷஹ்லோவுக்கு ஒரு வருஷமாகவே தெரியுமாம் அக்கா. இலை மஞ்சளானதை உங்களிடம் அவள் ஏன் சொல்லிக்கொண்டே இருந்தாள் என்று இப்போதுதான் புரிகிறது. யாரும் கேட்கவில்லை, அதனால் யாரும் சொல்லவில்லை. நானும் அன்றைக்கே, "ஏங்க்கா இப்படி ஊத்துனீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஆறு மாதம் மிச்சமாகியிருக்கும்.

முஹய்யோ

தாஷ்கந்த், 18 ஆகஸ்ட் 1979

முஹய்யோ,

இந்த எழுத்தின் அளவைப் பார். எறும்பு.

கட்டு அவிழ்த்து நாலு நாளாகிறது. ஒரு கண்தான் இப்போது, மற்றது அடுத்த வருஷம். மூக்கை அழுத்துகிற மாதிரி கனமான கண்ணாடி ஒன்று கொடுத்திருக்கிறார்கள். போட்டால் எல்லாம் கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறது. முதலில் கோபில் தெரிந்தான். அவன் ஒன்பது வயதுப் பையனாக இருந்தபோது நம் வீட்டுக்கு வந்தவள் நான், அவனுக்கு நரை விழுந்திருப்பதை யாரும் என்னிடம் சொல்லவில்லை.

சம்பந்தியம்மா சொன்னதை அவன் படித்தபோது கண்ணில் கட்டு. அழக்கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அதனால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தப் பெண்ணை நான் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன், அவள் என்னை நடத்திக்கொண்டு போயிருக்கிறாள்.

இங்கே நர்ஸ் தினமும் என் கிண்ணத்தை நிரப்பிக் கொடுத்தாள். வெளியூர்க்காரி, நல்ல பெண், அவளுக்கு நம் வழக்கம் தெரியாது. கட்டோடு இருந்த பத்து நாளும் கையில் வழிந்தது. ஒவ்வொரு தடவையும் உன் விரல் ஞாபகம் வந்தது.

கட்டு அவிழ்த்த அன்று கெண்டியை நானே கேட்டு வாங்கினேன். பக்கத்துக் கட்டிலில் கார்ஷியில் இருந்து வந்தவள், அவளுக்குத்தான் ஊற்றினேன். தேநீர் ஏறுவது தெரிந்தது. கால் கிண்ணத்தில் நிறுத்தினேன். அவள் அதை வாங்கிப் பார்த்துவிட்டுக் காலை மடித்து நன்றாக உட்கார்ந்துகொண்டாள். மத்தியானம் வரை பேசினாள், தலைவலி வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை வண்டியில் கோபில் கூட்டிக்கொண்டு வருகிறான். மொட்டு விரிந்தால் பறித்துவைக்காதே, செடியிலேயே இருக்கட்டும். விரிப்பைப் போட்டுவை. உன் பெரியவர், மாமூர், அவன் மனைவி, அன்றைக்கு உட்கார்ந்திருந்த பதினொரு பேரில் யார் யார் வர முடியுமோ அத்தனை பேரையும் கூப்பிடு. தேநீர் வந்ததும் நீ எழுந்திருக்கக் கூடாது. கெண்டி என் கையில் இருக்கும். நீ மேல் இடத்தில் உட்கார்ந்து கிண்ணத்தை மட்டும் நீட்டு.

கால் கிண்ணம்தான் ஊற்றுவேன். எத்தனை தடவை நீட்டினாலும் கால் கிண்ணம்தான்.

உன் அக்கா
ஹிதாயத்